காரணம்

ஒன்பது பத்துக்கு நான்தான் கேட்டைச் சாத்துவேன்.
கழுத்தில் விசில், கக்கத்தில் தாமதப் பதிவேடு.
பெயர், வகுப்பு, காரணம்.
காரணத்தில் எல்லாரும் 'கேட்டு' என்று எழுதுவார்கள்.
எந்தக் கேட்டு என்று நான் கேட்டதில்லை.
மைதானத்தை மூன்று சுற்று ஓடவிடுவேன்.
கால்மணித் தாமதம் அரைமணியாகும்,
கணக்கு வாத்தியார் என்னை முறைப்பார்.

போன ஆடியில் ஒருநாள் மொபெட் பஞ்சர்.
லத்தேரி ரயில்வே கேட்டில்
தள்ளிக்கொண்டு வந்து நின்றேன்.
பக்கத்தில் பன்னிரண்டு சீருடைகள்.
என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது,
கூட்ஸ் மட்டும் நிற்காமல் ஊர்ந்தது.
ஒன்பதாம் வகுப்பு முபீனா
உதட்டை அசைத்துப் பெட்டிகளை எண்ணினாள்.
"ஐம்பத்தெட்டு சார். நேத்து ஐம்பத்தொண்ணு.
நிலக்கரின்னா மெதுவாத்தான் போவும்."

கேட்டுத் தூக்கியதும் ஓடினோம்.
வண்டியை நாலு பேர் தள்ளினார்கள்.
எனக்கு மூச்சிரைத்தபோது
எல்லாருமே கொஞ்சம் மெதுவானார்கள்.

அன்றைய பக்கத்தில் பதின்மூன்றாவது பெயர்
யுவசீலன், உடற்கல்வி.
காரணம்: ஐம்பத்தெட்டுப் பெட்டி.
தலைமையாசிரியர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

கணக்கு வாத்தியாரிடம் கெஞ்சி
முதல் பீரியடை வாங்கிக்கொண்டேன்.
ஓடி வருகிறவர்களை
மறுபடி எதற்கு ஓடவிட வேண்டும்?
பையை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு
நேராக ஆட்டத்தில் சேர்ந்துகொள்கிறார்கள்.

பதிவேட்டில் பாதிப் பக்கம் மிச்சமிருந்தது.
வாலிபால் ஸ்கோர் எழுதுகிறேன்.
முபீனாவின் சர்வீஸ்
இன்னும் வலையைத் தாண்டவில்லை.