நாற்பத்தோரு விநாடி

குமரி மாவட்டத்தில் நான்கு திணை உண்டு, பாலை கிடையாது
என்று பள்ளியில் எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான்.
முட்டத்தில், கலங்கரை விளக்கைத் தாண்டி
செம்மண் வெடித்துப் பிளந்து கிடக்கும் மேட்டில்
கொல்லாமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது
அந்த ஐந்தையும் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது.
சித்திரை மாதம். பதினோரு மணி.
கால் வைக்கும் பலகையிலிருந்து
மேஜர் முதலில் இறங்கியது.

மேஜர் என் நாய் அல்ல.
பக்கத்து வீட்டுப் பிரகாசியின் நாய்.
மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிய அன்று
வீட்டுச் சாவி, கரண்டு அட்டை, அரை மூட்டை அரிசி,
கூடவே இதையும் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.
மூன்று வாரமாக நான் போடும் சோற்றைத்தான் தின்கிறது.
மீன்தலை கிடைத்தால் மட்டும்
கவ்விக்கொண்டு போய்
அவள் பூட்டிய கதவின் முன் வைத்துத் தின்கிறது.

நடத்திக் கூட்டிப்போனால் ஒட்டும் என்றார் மாட்டு டாக்டர்.
நடந்தோம்.

ஐப்பசி மழைகள் அறுத்து அறுத்துப் போட்ட மண்.
முதலில் இடுப்பளவு,
பிறகு ஆள் உயரம், இரண்டாள் உயரம்,
அதற்குமேல் ஆள் கணக்கு போதவில்லை.
ஓடை என்றுதான் பெயர்.
தண்ணீர் போன வழியில் வெயில் போய்க்கொண்டிருந்தது.
சுவரைத் தொட்டால் உள்ளங்கை காவி.
காலடியில் மிளகுபோல இரும்புக் குருணை;
இரண்டு முறை சறுக்கி உட்கார்ந்தேன்.
மேஜர் சறுக்கவில்லை.
நான் எழுந்திருக்கும்வரை நிற்கவும் இல்லை.

கடல் கேட்கிறது.
எந்தப் பக்கம் என்றால் எல்லாப் பக்கமும்.
மேலே நீலத்தில் ஒரு கீற்று,
அதில் ஒரு பருந்து, அரை நொடி.

போத்தல் தண்ணீரைக் கையில் ஊற்றி நீட்டினேன்.
யோசித்தது. குடித்தது.
நாக்கு சுட்டது.
ஒட்டிவிட்டது என்று நான் நினைத்த அந்த நேரத்தில்
எங்கிருந்தோ ஓர் ஓணான்.

இடது பிளவா, வலது பிளவா,
இரண்டிலும் நாய்த்தடம் இருந்தது.
இரண்டும் பழசாகவும் இருந்தது.
மேஜர் என்றேன். மேஜரே என்றேன்.
ஜர், ஜர் என்று மண்தான் சொன்னது,
யாரோ மரம் அறுப்பதுபோல.
நான் வந்த வழியும் இப்போது
நான் வந்த வழிபோல் இல்லை.

செல்போனில் கோடு ஒன்றுகூட இல்லை.
ஆனால் அவள் அனுப்பிய குரல் கிடந்தது,
போன ஞாயிற்றுக்கிழமையது, நாற்பத்தோரு விநாடி.
சத்தத்தை முழுதும் கூட்டி
தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன்.

"கேட்டேரா, அந்த கேஸ் சிலிண்டரு வந்தா
வாங்கி அடுக்களையில வச்சிரும்.
கொண்டுவாறவன் அம்பது ரூவா கூடக் கேப்பான்,
குடுக்கப்பிடாது.
வாஷர் இருக்கான்னு பாத்துக்கிடும்.
இஞ்ச சூடு தாங்கமுடியல்ல..."

நாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முப்பதாவது விநாடியில்
ஒரு ஆடுகூட நுழையாத வெடிப்பிலிருந்து
மண் உதிர்ந்தது, பிறகு மூக்கு,
பிறகு மேஜர் முழுசாக, செக்கச்செவேலென்று.
என்னிடம் வரவில்லை. செல்போனிடம் வந்தது.
முகர்ந்தது. கண்ணாடியை நக்கியது.
எனக்குப் பின்னால் போய்ப் பார்த்தது.
சுற்றி வந்து மறுபடியும் பார்த்தது.

இன்னொரு முறை போட்டிருக்கலாம்.
மின்சாரம் பதினொரு சதவீதம் இருந்தது என்று
எனக்கே ஒரு காரணம் சொல்லி
சட்டைப்பையில் வைத்தேன்.

அப்புறம் அதுதான் வழி கண்டுபிடித்தது.
உடைமுள் ஒன்று முன்காலில் ஏறியபோது
காலைத் தூக்கி நின்றது; பிடுங்கவிட்டது.
கடிக்கவில்லை, வாலும் ஆட்டவில்லை.
ஓடை இரண்டாகப் பிரியும் ஒவ்வோர் இடத்திலும்
நின்று திரும்பிப் பார்த்தது,
என் முகத்துக்குச் சற்றுக் கீழே,
சட்டைப்பையை.
நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.