ஊசி குத்தாத விரல்

பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும்.
முப்பத்தைந்து நிமிடம்.
அதற்குள் சாப்பாடு, கழிப்பறை வரிசை,
பிள்ளையை விட்டுவந்த வீட்டுக்கு ஒரு போன்.
மிச்சத்தில் நாங்கள்.

மாபுட்ஸ்வே ஆடை ஆலையின் இரும்புக் கதவோரம்
மூன்று நர்சிங் மாணவிகள், ஒரு மடக்கு மேசை,
காற்றுக்குப் பறக்காதபடி கல் வைத்த படப்புத்தகம்.
ஜூலை மாதம். மலூட்டி மலைமேல் பனி.
வெள்ளைச் சீருடைக்கு மேல் கம்பளி போர்த்திக்கொண்டு
ஒப்பித்தேன்:
பரவும் வழி நான்கு, பரவா வழி ஒன்பது.
இதற்குத் தொண்ணூறு மார்க் வாங்கியவள் நான்.

ஜீன்ஸ் சாயம் ஏறிய நீல விரல்களால்
எண்ணெய்ப் பணியாரத்தைப் பிய்த்துத் தின்றபடி
என்னைப் பார்த்தார்கள்,
வராத பஸ்ஸுக்குச் சாலையைப் பார்ப்பதுபோல.

ந்தாதிசி வந்தாள். ஏழாவது வரிசை, பாக்கெட் தைப்பவள்.
எங்கள் பட்டியலில் அவளுக்கு 'சகக் கல்வியாளர்' என்று பட்டம்.
அடையாள அட்டையில் பெயர் தப்பாக அச்சாகியிருந்தது,
திருத்தக் கேட்கவில்லை.
மேசைமேல் ஏறி உட்கார்ந்து
மாத்திரை டப்பாவைக் கிலுகிலுப்பைபோல் ஆட்டினாள்.

"ஆறு வருஷம். ரத்தத்தில் கிருமியைத் தேடினார்கள்,
அகப்படவில்லையாம்.
உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அகப்படாது.
நம் சூப்பர்வைசர் மாதிரி."

சிரிப்பில் பணியாரம் புரையேறியது ஒருத்திக்கு.

"அகப்படாத வரைக்கும் புருஷனுக்குத் தொற்றாது.
மாத்திரையை நிறுத்திப் பார், திரும்பி வரும்,
அதுவும் சூப்பர்வைசர் மாதிரியே."

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்.
என்னிடம்.
"தங்கச்சி, நீ பார்த்துக்கொண்டாயா?"

படப்புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.
லெபேகோ ருஸ்டன்பர்க் சுரங்கத்தில் இருக்கிறான்.
மாதக் கடைசியில் வருகிறான்.
நான் கேட்டதில்லை.
கேட்டால் சந்தேகம் என்பான் என்று
நானே அவனுக்காகச் சொல்லிக்கொண்டேன்.

ந்தாதிசி எனக்காகப் பேசவில்லை.
தன் இடது ஆள்காட்டி விரலை நீட்டினாள்:
நகத்தின் நடுவே கறுத்த புள்ளி.
இரவு ஷிப்டில் இயந்திரம் இறங்கிய இடம்.
"இந்த வாசலில் ஊசி குத்தாத விரல்
உன்னுடையது மட்டும்தான்."

கையுறையைக் கழற்றினேன்.
பக்கத்திலிருந்த கௌஹெலோவிடம் விரலைக் கொடுத்தேன்.
அவள் கை நடுங்கியது, என் கை நடுங்கவில்லை
என்று எழுத ஆசை.
ஒரு சொட்டு என்னுடையது, இரண்டு சொட்டு மருந்து.
பதினைந்து நிமிடம்.

பத்தாவது நிமிடத்தில் சங்கு.
எல்லாரும் எழுந்து தூசு தட்டினார்கள்.
கேட்டவள் மட்டும் கதவருகே திரும்பி நின்றாள்.
"எங்களிடம் சொல்ல வேண்டாம்.
நாளைக்கு வா."

ஒரு கோடா, இரண்டு கோடா.
அது எனக்கும் அந்த மேசைக்கும் தெரியும்.

மறுநாள் போனேன்.
சோற்றை எடுக்காமலே நின்றது வரிசை.
சிவப்பைக் காண்பதற்குமுன்
ஒவ்வொரு விரலிலும் நீலத்தைத் துடைக்க வேண்டியிருந்தது.
பன்னிரண்டு இருபதுக்கெல்லாம்
பஞ்சு தீர்ந்துவிட்டது.