இடது கை

முதலில் நாடியில்தான் நோவு.
கடைவாய்ப் பல் என்றார் பல் டொக்டர்,
பிடுங்கிக் கையில் தந்தார்.
ஒரு சொத்தையும் இல்லை அதில்.
நோவு இருந்த இடத்திலேயே இருந்தது,
வாடகை ஒழுங்காகக் கட்டுகிறவன் மாதிரி.

பிறகு கை.
தலை பின்னும்போது பாதியில் சோர்ந்து விழும்.
வின்னிபெக்கில் மாசி மாதம்,
விரல் விறைக்காத ஆள் யார்?
சுகிர்தன் தடித்த கையுறை வாங்கி வந்தான்.

புது வேலைக்கு மருத்துவச் சோதனை.
மரிசெல் பட்டியைச் சுற்றினாள்.
இயந்திரம் உப்பியது, வடிந்தது,
பிழை என்றது.
பற்றரி மாற்றினாள்.
பிழை.
வேறொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள்,
அதற்கும் அதே பதில்.
எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு
மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துக்
கண்ணை மூடினாள்.
பக்கத்து அறையில் யாரோ
இருமத் தொடங்கி, இருமி முடித்து,
கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.
"மற்றக் கையைத் தா" என்றாள்.

கழுத்திலும் தோளிலும்
குழாய்ச் சுவர் தடித்து, வழி ஒடுங்கிவிட்டதாம்.
ஆர் செய்தது என்று கேட்டேன்.
"உங்கள் உடம்புதான்" என்று
ஜப்பானியப் பெயரொன்றை எழுதித் தந்தார் டொக்டர்.
தாடைக்கும் நாடி என்போம் நாங்கள்,
துடிப்புக்கும் நாடி என்போம்.
அவருக்கு இதை இங்கிலிசில் சொல்லிப் பார்த்தேன்.
சரிவரவில்லை.

பல் இன்னும் குசினி யன்னலில் கிடக்கிறது,
எறிய மனம் வரவில்லை,
பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

இரவு வழக்கம்போல
என் இடது கையைப் பிடித்துக்கொண்டு
தூங்கிப்போனான் சுகிர்தன்.
சூடாகத்தான் இருந்தது கை.
அவனுடைய சூடு.