முன்னாள்

வானொலியில் அந்தப் பெயருக்கு முன்னால்
இன்று காலை ஒரு சொல் சேர்ந்திருந்தது:
முன்னாள் சூறாவளி ரொசால்பா.

பதவி போய் இரண்டு நாளாகிறது.
அசோர்ஸ் தாண்டியதும் கண் மூடிக்கொண்டதாம்.
நடுவிலிருந்த வெப்பம் வடிந்து
செயற்கைக்கோள் படத்தில் வட்டம் கலைந்து
வால் நீண்ட காற்புள்ளியாகக் கிடக்கிறதாம்.
யானை படுத்தாலும் குதிரை மட்டம்.
மேயோ கரை முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை.
பள்ளி இல்லை, படகு இல்லை,
கடையில் ரொட்டியும் இல்லை.

கோழிக்கூட்டின் மேல் அட்ராக்டா
மூன்றாவது கல்லை ஏற்றிக்கொண்டிருந்தபோது
கோல்மனின் வண்டி வந்து நின்றது.
தோளில் நீலக் கயிறு, கையில் மரமறுக்கும் இயந்திரம்.
பதினோரு வருடம் புருஷன், ஆறு வருடமாக
ஊர்ச் சந்தையில் தலையசைத்துப் போகிறவன்.
'கொட்டகைக் கூரை இதற்கு நிற்காது' என்றான்,
வேறு முகமன் இல்லாமல்.
அதை ஆணியடித்தவனே அவன்தான்.
எந்த ஆணி பொய் என்று
அவனுக்குத்தானே தெரியும்.

கயிறு கட்டினார்கள். கோழிகளைக் குளியலறையில் அடைத்தார்கள்.
நான்கு மணிக்குக் காற்று வெதுவெதுப்பானது.
அக்டோபரில், அந்தக் கரையில்,
அவள் ஸ்வெட்டரைக் கழற்றி வேலியில் போட்டாள்.
தெற்கிலிருந்து வருவதாலேயே தென்றல் என்றுவிட முடியாது.
யாருடைய வீட்டு அடுப்பங்கரைக் கதவோ
இத்தனை கடலுக்கு அப்பால் திறந்து கிடப்பதுபோல் ஒரு சூடு.
பழம் அழுகும் வாசனை வருகிறது என்றாள்.
இல்லை, கடற்பாசி என்றான்.
அன்று பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஏழரைக்கு மின்சாரம் போனது.
எட்டுக்குச் சாலை வளைவின் சிக்கமோர் மரம் விழுந்தது.
அவன் திரும்பிப் போக அந்த ஒரு சாலைதான்.
மரமறுக்கும் இயந்திரம் வைத்திருப்பவன்
ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.
'காலையில் பார்க்கலாம்' என்றாள்,
கண்ணாடியில் படிந்த உப்பிடம் சொல்வதுபோல்.

இரவெல்லாம் புகைபோக்கி
காலி பாட்டிலின் வாயில் ஊதுவதுபோல
ஒரே சுருதியில் முழங்கியது.
இரண்டு மணிக்கு அது சட்டென்று நின்றது,
பிறகு மேற்கிலிருந்து தொடங்கியது.
அதுவரை சாய்ந்திருந்ததெல்லாம்
இப்போது விலாவில் அடி வாங்கியது.
சூடு ஒரே மூச்சில் போய்விட்டது.
இன்னொரு கம்பளியோடு அவள் இறங்கி வந்தாள்.
சோபாவில் அவன் விழித்துக் கிடந்தான்.
பாதத்தில் போர்த்திவிட்டு ஏதோ சொன்னாள்.
கேட்கவில்லை. திரும்பச் சொல்லும்படி
அவன் கேட்டதும் அவளுக்குக் கேட்கவில்லை.

விடிந்தபோது கூரை நின்றது.
கோழிக்கூட்டைக் காணோம்.
மூன்று கற்கள் மட்டும் புல்லில்.
வேலிச்செடிகள் கடல் பக்கமாக மட்டும்
தீய்ந்து பழுத்திருந்தன.
பேட்டரி வானொலியில் ரொசால்பாவைப் பற்றி ஒன்றுமில்லை,
நார்வே நோக்கி ஒரு தாழ்வழுத்தம்
நகர்வதாக மட்டும் சொன்னார்கள்.

முதல் கிளையில் வாள்பல்லை வைத்தபோது
இலைகளுக்குள் ஏதோ அசைந்தது.
கட்டைவிரல் அளவு குருவி,
விலாவில் மஞ்சள் கீற்று.
அவன் பார்க்காதது, அவள் பார்க்காதது,
இந்தக் கண்டமே அரிதாகப் பார்ப்பது.
பயப்படக்கூடத் தெம்பில்லாமல்
விழுந்த மரத்தின் பூச்சிகளை
ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது.

கோல்மன் இயந்திரத்தை அணைத்தான்.

மரத்துக்கு அந்தப் பக்கம்
தபால் வண்டி ஒலியெழுப்பியது, ஒருமுறை,
பிறகு நீளமாக.
இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள்
ஒரே நேரத்தில் உயர்ந்தன:
இருங்கள், கொஞ்சம் இருங்கள்.