டோர் லாக்

அயனாவரம் செக்‌ஷனில் பத்தொன்பது வருடம்
அடுத்தவர் வீட்டு எண்களைப் படித்தவள் நான்.
போன மாசியில் என் ரீடிங்கை ஒரு பெண் படித்தாள்,
கான்ஸ்டபிள் ரோடு லேப்பில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்:
கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்தெட்டு.
ஸ்லாப் தாண்டிவிட்டது என்று
முதலில் எனக்குள் இருந்த அசெஸர்தான் சொன்னாள்.

டாக்டர் ஷாஹிதா சீட்டின் பின்பக்கம் நூறு புள்ளி வைத்தார்.
கோலம் போடப்போகிறார் என்று நினைத்தேன்.
"உங்களைப் போல நூறு பேர். பத்து வருஷம்.
மாத்திரை இல்லாவிட்டால் பன்னிரண்டு பேருக்கு
மாரடைப்போ பக்கவாதமோ வரலாம்.
தினம் ராத்திரி ஒன்று போட்டால் எட்டு, ஒன்பது."
பன்னிரண்டைச் சுழித்தார். அதில் மூன்றோ நாலோ அடித்தார்.
மிச்சப் புள்ளிகள் சும்மா இருந்தன.
போட்டாலும் போடாவிட்டாலும்
அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.
"இதில் நான் எந்தப் புள்ளி?"
"அது தெரிந்தால் உங்கள் ஒருத்தியை மட்டும் வைத்திருப்பேனே"
என்று பேனாவை மூடினார்.

மூன்றாம் வாரம் கெண்டைக்கால் இழுத்தது.
மாத்திரை அட்டைக்குள் எட்டாய் மடித்த காகிதத்தை
டார்ச் வெளிச்சத்தில் படித்தேன்:
தசைவலி, அசதி, சர்க்கரை கொஞ்சம் ஏறலாம், எப்போதாவது ஈரல்.
படிக்கப் படிக்க இடது தோளும் வலித்தது.
"உனக்கு மாத்திரை ஒத்துக்கொள்கிறது,
காகிதம்தான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் அற்புதராஜ்,
பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருடம்
தீப்பொறிக்கு நடுவே நின்றவர்.

யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினேன்.
ஐந்தாம் நாள் வலி போனது.
ஜெயித்துவிட்டேன் என்று டீக்கடையில் இரண்டு வடை தின்றேன்.
அப்புறம்தான் உறைத்தது,
அந்த வாரம் என் ரவுண்டும் முடிந்திருந்தது.
பழைய லைன் வீடுகளில் மீட்டர் எப்போதும் எட்டாத உயரத்தில்;
மாதத்தில் பாதி நாள் நுனிக்காலில் நிற்பவள் நான்.
வலி யாருடையது? மாத்திரையுடையதா, வாரியத்துடையதா?

ஞானதுரை மாத்திரையைக் குப்பையில் போட்டு ஆறு வருடம்.
பூண்டும் வெந்தயமும் போதும் என்பான், பஜ்ஜியை மென்றபடி.
ஓட்டேரி மேம்பாலத்தில் இன்னும் சைக்கிள் மிதிக்கிறான்.
என் தம்பி ஒருநாள் தவறாமல் போட்டான்,
அவனுக்கு ஸ்டான்லியில் ஸ்டென்ட்.
இரண்டு பேரையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்,
ஒன்றையும் ஒன்று நிரூபிக்கவில்லை.
நூறு புள்ளியில் இரண்டு புள்ளி.

பூட்டிய வீட்டுக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு.
டோர் லாக் என்று போட்டு
பழைய பில்லின் சராசரியை எழுதிவிட்டு வருவோம்.
உள்ளே ஏசி ஓடியிருக்கலாம்,
ஆளே இல்லாமலும் இருந்திருக்கலாம்.
தப்பு என்று தெரிந்துதான் எழுதுகிறோம்,
எழுதாமல் விட்டால் அதைவிடப் பெரிய தப்பு.
டாக்டரிடம் இதைச் சொன்னேன்.
சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் யோசித்தார்.
திட்டவும் இல்லை, நிறுத்தியதற்கு.
தசைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, தைராய்டுக்கு ஒன்று,
இரண்டும் நார்மல்.
"வேறு மருந்து, பாதி அளவு.
மூன்று மாதம் கழித்து ரீடிங் எடுப்போம்."
எடுப்போம் என்ற அந்தப் பன்மை எனக்குப் பிடித்திருந்தது.

நேற்று சாயங்காலம் வரை நாற்பத்தாறு வீடு.
சோலையம்மன் கோயில் தெருவில் மூன்று டோர் லாக்.
ராத்திரி சொம்புத் தண்ணீரில்
கடுகைவிடக் கொஞ்சம் பெரிய அந்த வெள்ளையை விழுங்கினேன்.
கட்டிலில் அற்புதராஜ் என் காலை எடுத்து மடியில் வைத்து
வெல்டிங் காய்ப்பேறிய கட்டைவிரலால் அழுத்தினார்.
"இது மாத்திரை வலியா, மீட்டர் வலியா?"
"தெரியலை," என்றேன்.
"கொஞ்சம் கீழே. அங்கேதான். அழுத்து."