நாற்பத்தோராம் பக்கத்து நண்டு

முதல் நாவலை எழுதியது
எண்ணூர் சாலையில், நகராத பேருந்தில்.
கண்டெய்னர் லாரிகள் மூன்று கிலோமீட்டருக்கு நின்றால்
ஓர் அத்தியாயம்.
ஸ்டிரைக் என்றால் இரண்டு.
மடியில் சாப்பாட்டுப் பை, அதன்மேல் நோட்டு,
பின்சீட்டில் யாரோ கருவாட்டுக் கூடையோடு.

பகலில் யார்டில் பில் போடுகிறேன்.
எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு, தெரியும்.
உள்ளே என்ன, தெரியாது.
அப்படித்தான் தொடங்கியது:
சீலை உடைத்தால் உள்ளே ஒரு நாடு,
நாட்டுக்கொரு கடல்,
அலைக்கு இவ்வளவென்று சுங்கம் வாங்கும் அரக்கி.

ஐந்நூறு பிரதி. பதிப்பாளர் ஏகாம்பரம்
ராயல்டிக்குப் பதில் நாற்பது புத்தகம் கொடுத்தார்.
கட்டிலுக்கடியில் வைத்தேன்.
மழை வெள்ளத்தில் இருபத்திரண்டு ஊறி
தலையணை மாதிரி உப்பின.
"பெரியவங்களுக்கு எப்ப எழுதப்போறே?"
என்று கேட்டாள் நாத்தனார்,
ஒன்றை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டே.

பிறகு அந்த அஞ்சலட்டை.
காசிமேடு, ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு.
பெயரின் மேல் முத்திரை.
"நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நண்டு நேராகப் போகிறது.
நண்டு அப்படிப் போகாது.
நீங்கள் நண்டு பார்த்தது இல்லையா"
கேள்விக்குறிகூட இல்லை.

ராயபுரத்தில் பிறந்தவள், பார்க்காமலா?
குழம்பில்தான் அதிகம்.

மூன்று மாதம் ஒரு வரி ஓடவில்லை.
மூன்றாம் பாகத்தில் தப்பை ஒளித்துவைத்தேன்:
நண்டு நேராக நடந்தால்
நீ எல்லையைத் தாண்டிவிட்டாய்.
நான்காம் பாகத்தில் அந்த நண்டே ஒற்றன்.
ஐந்தாவது முழுக்க அதன் முதுகின் மேல்.
மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர்
குறியீடு என்று பதினெட்டுப் பக்கம் எழுதினார்.
நான் மறுக்கவில்லை.
விருதுக் கேடயத்தில் பித்தளை நண்டு;
ஒரு கண் ஆட்டோவிலேயே கழன்று விழுந்தது.

அட்டை எழுதியவன், அல்லது எழுதியவள்,
இப்போது முப்பதை நெருங்கும் ஆள்.
ஐஸ் பேக்டரியிலோ, துபாயிலோ.
மீன் வாங்கும்போதெல்லாம்
தராசுக்குப் பின்னாலிருக்கும் முகத்தைத் தேடுவேன்.
எடையைச் சந்தேகப்படுகிறேனென்று முறைப்பார்கள்.

போன வாரம் எர்ணாவூரில் ஒரு மாநகராட்சிப் பள்ளி.
ஃபேன் ஓடவில்லை. மைக் வேண்டாமென்றேன்.
ஐந்து பாகம், பதினாறு வருஷம்.
அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்,
அந்த நண்டு தப்பு. தெரியாமல் எழுதிவிட்டேன்.

தமிழ் மிஸ்ஸின் முகம் சுருங்கிற்று.
மூன்றாம் வரிசையில் லிதியாள் என்றொருத்தி
கையைத் தூக்காமலே எழுந்தாள்.
"இல்ல மிஸ். எங்கூட்டாண்ட ஒண்ணு நேராத்தான் போவுது.
ரெண்டு காலு கெடையாது அதுக்கு."

எந்தப் பக்கம் போகிறது, என்றேன்.

"பொட்டிங்க நிக்குற பக்கம்."