ஈச்சனூரணி: ஒரு பக்கம்

செயல் அலுவலர் கேட்டது ஒரு பக்கம்.
படம் போக அரைப் பக்கம்தான், சுருக்கமா எழுதும்மா என்றார்.
வரி வசூலிக்கிறவளுக்கு எல்லா வாசலும் தெரியும்,
எழுத வரும் என்று அவருக்கு யார் சொன்னது?

பரப்பளவு, நாலு புள்ளி இரண்டு சதுர கிலோமீட்டர்.
ஊரணி மூன்று.
ஒன்றில் தண்ணீர்,
ஒன்றில் வாலிபால் வலை,
ஒன்று கோர்ட்டில் கிடக்கிறது.

மேற்கே காரைக்குடி.
அது எங்கே முடிகிறது, நாங்கள் எங்கே ஆரம்பம்
என்பதைத் தெருவிளக்கு சொல்லும்.
வெள்ளையாய் எரிவது அவர்களுடையது.
மஞ்சள் எங்களுடையது, எரிந்தால்.

மக்கள்தொகை பழைய கணக்கில்
ஒன்பதாயிரத்து முந்நூற்று அறுபத்து நாலு.
அதற்குப் பிறகு விடுதியோடு ஒரு கல்லூரி வந்தது,
அரிசி ஆலைக்குப் பின்னே தகரக் கூரைக்குள்
ஒடிசாவிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள்.
திலீப் நாயக்கின் மகள்
என்னைப் பார்த்தால் "வரி அக்கா" என்கிறாள், சுத்தமாக, றகரம் வராமல்.
படிவத்தில் அவளுக்குக் கட்டம் இல்லை.

பெரிய வீடுகள் பதினேழு, பூட்டியவை பதினொன்று.
இருபத்து மூன்றாம் எண் வீட்டுக்கு நாற்பத்தொரு புள்ளி.
நோட்டீஸை நாற்பத்தொன்றாகக் கிழித்தா அனுப்புவது?
கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் மட்டும்
ஏப்ரல் தவறாமல் ஜிபேயில் போடுகிறார்
தன் பங்கை: நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு.
ரசீதும் கேட்பார்.

மற்றதெல்லாம் நகர், காலனி, என்க்ளேவ்.
ஒன்றரை சென்ட், ஒரு போர், ஒரு வங்கிக் கடன்.
பதினைந்து வருடமாய்க் குடியிருந்தும்
எந்த ஊர் என்றால் தேவகோட்டை என்பார்கள்,
திருமயம் என்பார்கள்,
எங்கள் ஊரை "பக்கத்துல" என்பார்கள்.

போக்குவரத்து: ரயில்வே கேட் ஒன்று.
ஒரு வரியில் முடிக்கத்தான் இருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள்
சரக்கு வண்டி எஞ்சின் நடுவழியில் நின்றுவிட,
கேட் எழும்ப ஒன்றே கால் மணி நேரம்.
உமையாள் டீச்சர் ஸ்கூட்டர் சீட்டில் வைத்து
பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்தினார்.
அந்தப் பக்கம் கொடுக்க வேண்டிய பிரியாணிப் பொட்டலங்களை
ஆறிப்போனால் பாவம் என்று
இந்தப் பக்கமே பிரித்துக் கொடுத்தார் ஜெய்லானி.
ஊரணி வழக்கில் வாதியும் பிரதிவாதியும்
ஒரே குடைக்குள்,
ஆளுக்கொரு தோள் நனைந்தபடி,
பேசாமல்.
திலீப்பின் மகள் என் டிமாண்ட் ரிஜிஸ்தர் மேல் தலைவைத்துத் தூங்க,
நான் பதினோரு வீட்டு நிலுவை வசூலித்தேன்.
ஓடித் தப்ப யாருக்கும் வழியில்லையே.

கோயில் திருவிழாவுக்குக்கூட
இத்தனை பேர் ஒருமித்து நின்றதில்லை.

உத்தேசத் திட்டங்கள்: மேம்பாலம்.
இதில் எனக்கு வருத்தம் என்று நினைக்க வேண்டாம்.
போன தை மாதம் அதே கேட்டில்
நூற்றெட்டு வண்டி பதினெட்டு நிமிடம் அலறி நின்றது,
உள்ளே மோட்டார் போடும் அடைக்கலம் அண்ணன்.
மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.
பாலம் வரட்டும்.
வந்தபின் நிலுவைக்காரர்களை எங்கே பிடிப்பது
என்பது என் கவலை.

கடைசிக் கட்டம், ஊரின் சிறப்பு. ஒரு வரி.
இரண்டு நாள் காலியாய் வைத்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
"இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும்."

செயல் அலுவலர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.
அடித்துவிட்டு, சிவப்பு மையில்,
"அமைதியான ஊர்" என்று திருத்தினார்.
ஏன் என்றும் ஏதோ விளக்கினார்.
ஐந்து பத்து வண்டி போய்க்கொண்டிருந்தது,
ஜன்னல் கம்பியெல்லாம் அதிர.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.